ஸ்டாண்டி ஆர்டர் கொடுக்கப் போறீங்களா... ஒரு நிமிஷம்!

உங்க காலேஜ் செமினார் ஹால் வாசலைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. குத்துவிளக்கு, பன்னீர் சொம்பு, சந்தனம், கல்கண்டு... பக்கத்துலயே விறைப்பா நிக்குமே ஆறடி ஸ்டாண்டி, அதேதான்! காலைல 9 மணிக்கு வாட்ச்மேன் மாதிரி நிமிர்ந்து நிக்கும். 11 மணி டீ பிரேக்ல வெளியே வந்து பார்த்தா ரெண்டு ஓரமும் சுருண்டு, பொரிச்ச அப்பளம் கணக்கா ஆகியிருக்கும். சீஃப் கெஸ்ட்டோட இடது காது காணாமப் போயிருக்கும். ஸ்பான்சர் பேர்ல கடைசி ரெண்டு எழுத்து அம்பேல். யாராவது ஒரு செகண்ட் இயர் பையன் செல்லோ டேப்போட ஓடி வருவான்.

இது ஸ்டாண்டியோட தலையெழுத்து இல்லை பாஸ். நாம கேட்டு வாங்கற விதம் அப்படி. "அண்ணா, மூணுக்கு ஆறுல ஒரு ஸ்டாண்டி. நாளைக்குக் காலைல வேணும். ரேட்டைப் பார்த்துப் போடுங்க." அவ்வளவுதான், மேட்டர் ஓவர். எதுல அடிக்கறீங்க, எந்த இங்க்ல அடிக்கறீங்கன்னு யாராவது கேட்டு நீங்க பார்த்திருக்கீங்களா? இந்த ரெண்டு கேள்விக்குள்ள எவ்வளவு சங்கதி இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சது போன செமஸ்டர் லீவுலதான்.

நான் படிக்கறது மெக்கானிக்கல், மூணாவது வருஷம். இன்டர்ன்ஷிப்னு கிளாஸ்ல பாதிப் பேர் பம்ப் கம்பெனி, ஃபவுண்டரின்னு கிளம்பிட்டாங்க. எனக்கு அமைஞ்சது கோயம்புத்தூர் காந்திபுரம் பக்கம் ஒரு டிஜிட்டல் பிரின்டிங் கடை. "மெக்கானிக்கல் படிச்சுட்டு ஃபிளெக்ஸ் அடிக்கப் போறியா?"ன்னு ஹாஸ்டல்ல ஒரே கலாய். போய்ப் பார்த்தா மோட்டார், பெல்ட், ஹீட்டர், பத்தடி அகலத்துக்கு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுற பிரின்ட் ஹெட்... இதைவிட மெக்கானிக்கல் வேற என்ன வேணும்?

கடையில ஓனர் ஒரு அக்கா. மெஷினை ஓட்டறது ஒரு அண்ணா, 11 வருஷமா இதே வேலை. என்னைவிட ரெண்டு மடங்கு வயசு, ஆனா கொங்கு வழக்கப்படி எனக்கும் 'வாங்க, போங்க'தான். முதல் நாள் ஒரு துண்டு ஃபிளெக்ஸை என் கையில கொடுத்து, "இதைக் கிழிங் அம்மிணி, பாக்கலாம்"னார். கிழியலை. பிளேடால கீறிக் காட்டினார். உள்ளே கொசுவலை மாதிரி நூல்! மேலயும் கீழயும் பி.வி.சி. பிளாஸ்டிக், நடுவுல பாலியெஸ்டர் நூல் வலை. இதுதான் ஃபிளெக்ஸ். வெயில், மழை, ஆடிக் காத்து எல்லாத்துக்கும் தாங்கணும்னு செஞ்ச சரக்கு. நாலு பக்கமும் சட்டத்துல இழுத்துக் கட்டினா சும்மா கும்முனு நிக்கும்.

ஸ்டாண்டிக்கு நாலு பக்கம் பிடிமானம் கிடையாது, அங்கதான் சிக்கல். கீழே அலுமினிய டப்பாவுக்குள்ள ஸ்பிரிங் வெச்ச ரோலர் இழுக்குது. மேலே ஒரு பட்டையைக் கம்பி தாங்குது. இடமும் வலமும் அநாதை. ஒரு ஷீட்டை நீளவாக்குல இழுத்தா அகலவாக்குல சுருங்கப் பார்க்கும். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல பாய்சான் ரேஷியோன்னு வருமே (அரியர் வெச்சவங்களுக்கு இன்னும் நல்லாவே ஞாபகம் இருக்கும்). முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவு சுருங்கினா பிரச்னை இல்லை. ஆனா முன்பக்கம் மட்டும்தானே இங்க் ஊத்தறோம்? இங்க் காயக் காய அந்தப் பக்கம் தனியா இறுகும். ரெண்டு உலோகத்தை ஒட்டின பைமெட்டல் ஸ்ட்ரிப் சூட்டுல வளையுதே, அதே கதை இங்கே ஈரத்துல நடக்குது. நம்ம டிசைன் கில்லாடிகளுக்கு முழுக் கறுப்பு பேக்ரவுண்ட் போட்டாத்தான் கெத்து. கறுப்பு ஆழமா வரணும்னா கறுப்போட மத்த மூணு கலரும் சேர்த்து அடிக்கணும். இங்க் எவ்வளவு அதிகமோ சுருட்டலும் அவ்வளவு அதிகம். வெள்ளை பேக்ரவுண்ட் வெச்சாலே பாதி நோய் போயிடும்.

மீதி பாதிக்கு மருந்து, மெட்டீரியலை மாத்தறது. பி.இ.டி. ஃபிலிம்னு ஒண்ணு இருக்கு. வாட்டர் பாட்டில் செய்யற அதே பாலியெஸ்டர் குடும்பம்தான். உள்ளே நூல் இல்லை, சட்டுனு நீளாது, தட்டையா நிக்கும். இங்க் பிடிக்கறதுக்குன்னே மேல ஒரு பூச்சு பூசி வருது. ஃபிளெக்ஸைவிட விலை கொஞ்சம் ஜாஸ்தி. வாங்கும்போது முதுகுப்பக்கம் சாம்பல் கலரா இருக்கான்னு பாருங்க. சாதா வெள்ளை ஃபிளெக்ஸ்ல அடிச்ச ஸ்டாண்டியைக் கண்ணாடிக் கதவுக்கு முன்னாடி நிறுத்தினா, பின்னாடி வெளிச்சத்துல அந்தக் கம்பி எக்ஸ்ரே மாதிரி தெரியும். ஒரு டாக்டரோட போட்டோவுல நெத்தியில இருந்து தொப்புள் வரைக்கும் கம்பி ஓடினதை நானே பார்த்தேன். சாம்பல் முதுகு வெளிச்சத்தை மறைச்சிடும்.

பி.பி., அதாவது பாலிபுரொப்பிலீன் ஃபிலிம் லேசு, விலையும் பரவாயில்லை. ஆனா அது எண்ணெய் தடவின தோசைக்கல் மாதிரி, எதுவும் ஒட்டாது. மேல்பூச்சு இருந்தாத்தான் இங்க் நிக்கும். ஸ்டாண்டிங்கறது தினம் சுருட்டி விரிக்கற பொருள். ஒவ்வொரு தடவையும் படத்து மேல முதுகு உரசும். அதனால பி.பி. எடுத்தா மேல ஒரு லேமினேஷன் போட்டுக்கறது நல்லது. சந்தேகமா இருந்தா, காஞ்ச பிறகு ஒரு மூலையில டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்குனு பிடுங்கிப் பாருங்க. டேப்ல கலர் வந்தா கடைக்காரர்கிட்ட அப்பவே பேசிடுங்க.

துணியிலயும் அடிக்கலாம். திருப்பூர்ல கிரிக்கெட் ஜெர்ஸிக்குப் போடறாங்களே சப்ளிமேஷன், அதே டெக்னிக். 200 டிகிரியை ஒட்டின சூட்டுல இங்க் ஆவியாகி பாலியெஸ்டர் நூலுக்குள்ளயே புகுந்துடும். காட்டன்ல இது வேலைக்காகாது. மடிச்சு பையில வெச்சு பஸ்ல கொண்டு போகலாம், சுருக்கம் அவ்வளவா விழாது.

இன்னொண்ணு, கனம். 'திக்கா இருந்தா நல்ல குவாலிட்டி'ங்கறது நம்ம ஊர் நம்பிக்கை. ஆறடியையும் அந்தச் சின்ன டப்பாவுக்குள்ள சுத்தணுமே! கனமான ஃபிளெக்ஸை உள்ளே விட்டா ரோலர் திணறும், ஓரம் டப்பாவுல தேயும்.

இதெல்லாம் முதல் ரெண்டு நாள்ல கத்துக்கிட்டது. இனி சொல்லப் போறதைத்தான் முக்கியமா சொல்ல வந்தேன்.

அந்தக் கடைக்குள்ள முதல் நாள் காலடி வெச்சதும் மூக்குல ஏறின வாசனை இருக்கே... நெயில் பாலிஷ் ரிமூவரையும் பெயின்ட் கடையையும் ஒண்ணா கலக்கின மாதிரி. கண்ணு எரிஞ்சுது. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தா தயிர் சாதத்துலயும் அதே வாசனை. "இந்த நாத்தத்துல எப்படிங்கண்ணா 11 வருஷமா இருக்கீங்க?"ன்னு கேட்டேன். "என்ன நாத்தம்ங்?"ன்னார். நக்கல்னு நினைச்சேன். இல்லை, அவருக்கு நிஜமாவே தெரியலை. சாயந்திரமானா தலைவலி வரும், வீட்டுக்குப் போனா "சட்டையை வெளியவே கழட்டிட்டு வாங்க"ன்னு வீட்டம்மா சத்தம் போடுவாங்களாம். "பழகிருச்சுங் அம்மிணி."

பத்தடி மெஷின்ல போடறது சால்வென்ட் இங்க். அதுக்கும் பி.வி.சி.க்கும் பொருத்தம் அபாரம். அந்தத் திரவம் பிளாஸ்டிக்கோட மேல்தோலை லேசா கரைச்சு, கலர் துகளை உள்ளே உட்கார வெச்சிட்டு, தான் ஆவியாப் போயிடும். அதனாலதான் மழைக்கும் கரையாம ரோட்டுல நிக்குது. ஆவியாப் போயிடும்னு ஈஸியா சொல்லிட்டேன். எங்கே போகும்? தூசி பட்டா ஹெட் அடைச்சுக்கும்னு அந்த ரூமுக்கு ஜன்னல் கிடையாது. ஏ.சி. ஓடுது, கதவு சாத்தியிருக்கு. போற இடம் ஒண்ணுதான், அண்ணாவோட மூக்கு.

மூணாவது நாள் காலைல உள்ளே போனேன். ஒரு வாசனையும் இல்லை. 'அட, இங்க்கை மாத்திட்டாங்களா?'ன்னு பார்த்தா அதே கேன், அதே மெஷின். மாறினது என் மூக்கு! ஒரே வாசனையைத் தொடர்ந்து பிடிச்சா மூக்கு அலுத்துப்போய், தகவல் சொல்றதையே நிறுத்திடும். காத்துல இருக்கறது அப்படியேதான் இருக்கும். எனக்கு மூணே நாள் ஆச்சு. 11 வருஷம் ஆனவருக்கு? சத்தியமா பயந்துட்டேன். அன்னிக்கு இங்க் கேனோட சேஃப்டி டேட்டா ஷீட்டைத் தேடி எடுத்துப் படிச்சேன். சைக்ளோஹெக்ஸனோன்னு ஒரு பேர் இருந்துச்சு. கண்ணு, மூச்சுக்குழாய் எரிச்சல், நல்ல காத்தோட்டமான இடத்துல மட்டும் பயன்படுத்தணும்னு பொடி எழுத்துல போட்டிருந்துச்சு.

சரி, வேற இங்க்கே இல்லையா? இருக்கே! கடையிலயே சின்ன மெஷின் ஒண்ணுல ஈகோ சால்வென்ட். பேரைப் பார்த்து வேப்ப மரத்தடி காத்துன்னு நினைச்சிடாதீங்க. இதுவும் சால்வென்ட்தான். காரம் குறைஞ்ச, மெதுவா ஆவியாகற ரகம். நெடி கம்மி, காய நேரமாகும். லேட்டக்ஸ் இங்க்னு இன்னொண்ணு, 2008ல ஹெச்.பி. கொண்டு வந்தது. தண்ணிதான் பெரும்பங்கு. அதுல மிதக்கற பாலிமர் துகள்கள் சூடு பட்டதும் படலமா பிடிச்சுக்கும். மெஷின்ல இருந்து வரும்போதே காஞ்சிருக்கும், நெடி ரொம்ப ரொம்பக் குறைவு. ஆனா சூடு பண்ண கரன்ட் வேணும், மெல்லிசு பிளாஸ்டிக்னா அந்தச் சூட்டுல நெளிஞ்சும் போகும். யு.வி. இங்க்ல சால்வென்ட் கிட்டத்தட்ட கிடையாது. விளக்கு வெளிச்சம் பட்டதும் கெட்டியாயிடும். கெட்டியாறதுக்கு முன்னாடி தோல்ல பட்டா சிலருக்கு அலர்ஜி வரும், கிளவுஸ் போட்டே ஆகணும். தவிர, வளையற ரகத்தைக் கேட்டு வாங்கலைன்னா சுருட்டும்போது கோடு கோடா வெடிக்கும்.

இப்ப ஒரு சாதா இன்ஜினீயரிங் கேள்வி. ஸ்டாண்டி எங்கே வாழுது? ஏ.சி. ஹாலுக்குள்ள. எத்தனை நாள்? ரெண்டு. அதுக்கு எதுக்குப்பா வருஷக்கணக்குல மழையைத் தாங்கற இங்க்? ரோட்டோரம் பழைய பேனர் எல்லாம் நீலம் பாரிச்சு நிக்கறதைப் பார்த்திருப்பீங்க. வெயில்ல மஞ்சளும் மெஜந்தாவும் முதல்ல போயிடும், சயானும் கறுப்பும் கடைசி வரைக்கும் தாக்குப்பிடிக்கும். வெளியில நிக்கற பேனருக்கு அந்தக் கவலை நியாயம். செமினார் ஹாலுக்குள்ள சூரியன் எங்கே வந்துச்சு? வெயிலே படாத ஒரு பொருளுக்கு வெயிலுக்கான இங்க்கை ஊத்தி, அதோட காரத்தை ஒருத்தர் மூக்கு வழியா கழிக்கறோம். சதுர அடிக்குச் சில ரூபாய் மிச்சம்.

இதை நான் ஓனர் அக்காகிட்ட சொன்னப்ப, "கஸ்டமர் கேட்டாத்தானே கண்ணு போட முடியும்? நானா ரேட் ஏத்தினா பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க"ன்னாங்க. அதுவும் வாஸ்தவம்தானே.

ரெண்டாவது வாரம் ஒரு புதன்கிழமை ஒரு காலேஜ்ல இருந்து வாட்ஸ்அப்ல ஆர்டர் வந்துச்சு. 12 ஸ்டாண்டி, முழுக் கறுப்பு பேக்ரவுண்ட், சாதா ஃபிளெக்ஸ், மறுநாள் காலைல டெலிவரி. கணக்குப் பார்த்தா அண்ணாவுக்கு அன்னிக்கு நைட் வீடு கிடையாது. போன்ல பேசற வேலை என்னோடது. அந்தப் பக்கம் ஸ்டூடன்ட் கோ-ஆர்டினேட்டர், என் வயசுப் பொண்ணு. "ஃபங்ஷன் என்னிக்குங்க?"ன்னு கேட்டேன்.

"சனிக்கிழமை."

"அப்புறம் ஏங்க நாளைக்குக் காலைல?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "எப்பவும் அப்படித்தாங்க சொல்லுவோம்... அப்பத்தான் டயத்துக்குத் தருவாங்கன்னு சீனியர்ஸ் சொன்னாங்க!"

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சுருட்டல் கதை, கம்பி எக்ஸ்ரே கதை, இங்க் கதை எல்லாத்தையும் சொன்னேன். ஈகோ சால்வென்ட்னா அடிச்சதும் சுருட்டக் கூடாது, ஒரு நாளாவது விரிச்சு ஆற விடணும், ஈரத்தோட சுருட்டினா முதுகுல கலர் ஒட்டும், ஹால்ல விரிச்சதும் நாறும்னு சொன்னேன். கேட்டுக்கிட்டு, "எச்.ஓ.டி.கிட்ட பட்ஜெட் கேட்டுட்டுக் கூப்பிடறேன்"னா. பட்ஜெட் ஏறலை. ஆனா அரை மணி நேரத்துல அவளே ஒரு வழி கண்டுபிடிச்சா. "12 எதுக்குங்க? ஏழு போதும். மீதி அஞ்சுலயும் ஒரே லோகோதான் இருக்கு, யாரும் படிக்க மாட்டாங்க." வெள்ளை பேக்ரவுண்ட், பி.இ.டி. ஃபிலிம், சின்ன மெஷின், வெள்ளிக்கிழமை சாயந்திரம் டெலிவரி. அண்ணா ஆறரைக்கெல்லாம் டி.வி.எஸ்.ஸைக் கிளப்பிட்டார். ஓனர் அக்கா பில்லைப் பார்த்துட்டு, "12-ஐ ஏழாக்கிட்டியே அம்மிணி, கடையை மூடிட்டுத்தான் ஊருக்குப் போவியா?"ன்னாங்க. கோபமான்னு கேட்டா, பாதிக் கோபம்.

அந்தப் பொண்ணு இன்னொண்ணும் கேட்டா. "எங்க டிபார்ட்மென்ட் ஸ்டோர்ல போன வருஷத்து ஸ்டாண்டி நாலு கிடக்கு, அதை என்ன பண்றது?" இது எல்லா காலேஜ்லயும் இருக்கற கேஸ். படம் பழசானா முழு ஸ்டாண்டியையும் குப்பையில போடறோம். ஆனா ஸ்டாண்ட் எங்கே கெட்டுச்சு? அலுமினியம், ஸ்பிரிங், கம்பி எல்லாம் பத்திரமா இருக்கு. புது படம் மட்டும் அடிச்சு மாட்டிக்கலாம். பழைய ஃபிளெக்ஸ்தான் தலைவலி. நூலையும் பி.வி.சி.யையும் பிரிக்க முடியாததால காயலான் கடையில சீண்ட மாட்டாங்க. மாட்டுக்கொட்டாய்க் கூரைக்கும் நெல் காயப்போடவும் ஊர்ல கேட்பாங்க, கொடுத்திடுங்க. எரிக்க மட்டும் எரிக்காதீங்க, பி.வி.சி.ல குளோரின் இருக்கு, அமிலப் புகை வரும்.

படத்தை மாட்டும்போது ஒரு விஷயத்துல உஷார். பழைய படத்தை வெட்டறதுக்கு முன்னாடி ரோலரைப் பூட்டற பின்னைச் சொருகணும். பின் தொலைஞ்சிருந்தா ஓட்டைக்குள்ள ஒரு தடிமனான ஆணி. பூட்டாம வெட்டினா ஸ்பிரிங் சர்ருனு சுத்தி மொத்த முறுக்கையும் விட்டுடும், அப்புறம் அந்த ஸ்டாண்டி தானா சுருட்டாது. உள்ளேயிருந்து ஒரு பட்டை நீட்டிக்கிட்டு இருக்கும், அதுல டபுள் சைடு டேப் போட்டுப் புது படத்தை ஒட்டணும். மட்டம் பார்த்து, நேரா! கொஞ்சம் கோணினாலும் சுருட்டச் சுருட்ட ஒரு பக்கமா ஏறிப்போய் ஓரம் கிழியும். டிசைன் பண்றவங்க கீழே அரை அடி சும்மா விட்டுடுங்க, அதுல பாதி டப்பாவுக்குள்ள போயிடும். சரியா எவ்வளவுன்னு கடையில கேட்டுக்கங்க. தேதியை அச்சடிக்காம தனி ஸ்டிக்கரா ஒட்டினா அடுத்த வருஷமும் அதே ஸ்டாண்டிதான்.

மூணாவது வாரம் அண்ணா ஊர்ல நோம்பின்னு நாலு நாள் லீவு போட்டார். அஞ்சாவது நாள் காலைல வந்தவர் கதவைத் திறந்துட்டு அப்படியே நின்னுட்டார். உள்ளே காலே வைக்கலை. "ஏனுங் அம்மிணி... இப்படியா நாறும் இது?" நாலு நாள் நல்ல காத்து பட்டதுல அவர் மூக்கு திரும்ப வேலைக்கு வந்திருக்கு! அன்னிக்கு அவரே ஓனர் அக்கா ரூமுக்குப் போனார். 11 வருஷத்துல அவர் சம்பளம் தவிர வேற எதுக்கும் அந்த ரூம் கதவைத் தட்டினதில்லையாம்.

எக்ஸாஸ்ட் ஃபேன் கடையில ஏற்கெனவே ஒண்ணு இருந்துச்சு, கூரையை ஒட்டி. குளிர் வெளிய போயிடும்னு அதையும் அணைச்சு வெச்சிருந்தாங்க. போட்டாலும் அங்கே இருந்து பெரிசா பிரயோஜனம் இல்லை. சைக்ளோஹெக்ஸனோனோட மூலக்கூறு எடை 98, காத்தோடது சராசரியா 29. ஆவி கனம், கீழ்ப்பக்கமா தேங்கப் பார்க்கும். புறப்படற இடத்துலயே, மெஷினோட ஹீட்டர் பக்கத்துலயே உறிஞ்சணும். ஒரு ஏ4 பேப்பர்ல படம் போட்டுக் கொடுத்தேன். மெஷின் நீளத்துக்குத் தகரக் கூடு, அங்கிருந்து ஒரு குழாய், சுவர்ல ஓட்டை, வெளிய மொட்டைமாடிக்கு மேல. ஓனர் அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "லேட்டக்ஸ் மெஷின் வாங்க இப்ப வழியில்ல, இ.எம்.ஐ. ஏற்கெனவே கழுத்தைப் பிடிக்குது. இது எவ்வளவு ஆகும்?"ன்னாங்க. கணபதியில ஒரு தகர வேலைக்காரர் வந்து அளவெடுத்துட்டுப் போனார். நாலு நாள்ல கூடு வந்துச்சு. ஃபேன் ஓடினா ஏ.சி. முன்ன மாதிரி குளிர்றதில்லை, கரன்ட் பில் எகிறும்னு அக்காவுக்குக் கவலை.

அண்ணாவுக்கு வேற புகார். "சத்தம் ஓவரா இருக்குதுங், பாட்டே கேக்க முடியல"ன்னு ஒரே புலம்பல். ஆனா காலைல வந்ததும் மெஷினுக்கு முன்னாடி அந்த ஃபேன் சுவிட்சைத்தான் போடறார்.